எலி வரும் வரை

ஒயின் தரகு என்றால் நாள் முழுக்கக் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே வீடு திரும்புகிற வேலை என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். குடிப்பது எங்கே, துப்புவதுதான் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு நிலவறையாக இறங்கி, வாயில் ஊற்றி, அலசி, துப்பிவிட்டு, அடுத்த நிலவறைக்குப் போக வேண்டும். பிரான்சின் பொஜோலே மலைச்சரிவுகளில் இருபத்தைந்து வருஷமாகத் துப்பிக்கொண்டிருக்கும் ஒதீலுக்கு அன்றைக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. பல் கறுத்து, ஈறு எரிந்தது. நிலவறைகளின் ஈரம் பூட்ஸ் வழியே ஏறி முழங்காலில் உட்கார்ந்துகொண்டது. மார்ச் மாதக் கடைசி வேறு. ஈஸ்டருக்குள் பாட்டிலில் அடைத்துவிட வேண்டும் என்று எல்லா ஒயின்காரர்களும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிற காலம் அது.

துப்புவதைவிடப் பெரிய அலுப்பு, அந்த ஒயின்காரர்களின் முகத்தைப் பார்ப்பது. ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டரைப் பார்ப்பதுபோல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் "நல்லா இருக்கு" என்று சொல்லிக் கையைக் கொடுத்துவிட்டால் விற்றாயிற்று. கீழே நகரத்து வியாபாரிகள் அவள் நாக்கை நம்பி வாங்கிக்கொள்வார்கள். கொடுத்த சொல்லைத் தரகர் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. முதலில் நல்லது என்று சொல்லிவிட்டு, பிறகு திரும்பி வந்து "என்னமோ சரியில்லை" என்று இழுக்கிற தரகர் எதற்கு வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். விலையை அடிக்கத்தான் வருகிறார். அப்படி ஒருமுறை செய்தவரை அதற்கப்புறம் எந்த நிலவறையிலும் சேர்க்க மாட்டார்கள்.

அன்றைக்குக் கடைசி வீடு ஃபிர்மேனுடையது. ஐம்பத்தைந்து வயது, கதவு நிறைய ஆள், ஓயாத வாய். அவன் மனைவி மார்த் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனவள், போனவள்தான். அதிலிருந்து அவன் வாய் இன்னும் நீண்டுவிட்டது. வீட்டில் பேச ஆளில்லாத மனுஷன், வருகிறவர்களிடம் மொத்தமாகப் பேசித் தீர்த்தான்.

"வா வா ஒதீல். என்ன மூஞ்சி இது? ருசி பாக்க வந்தவ மாதிரியா இருக்க? துக்கம் விசாரிக்க வந்தவ மாதிரி இருக்க."

"உனக்கு முன்னாடி ஆறு பேரோட சரக்க வாயில ஊத்திப் பாரு. நீயும் இப்படித்தான் இருப்ப."

"அவங்க சரக்க ஊத்தினா அப்படித்தான் ஆகும். நம்முது அப்படியில்ல. வா, படி வழுக்கும், பாத்து."

அவன் விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினான். வருஷம் பூராவும் பாடுபட்டது எல்லாம் கீழே அந்தப் பெரிய தொட்டியிலும் பக்கத்தில் வரிசையாகக் கிடந்த பீப்பாய்களிலும் இருந்தது. பாட்டில் அடைக்கிற லாரி மறுநாள் விடிந்ததும் வருவதாக இருந்தது. காலி பாட்டில்கள் முற்றத்தில் அடுக்கியாயிற்று.

"இந்த வருஷமும் கந்தகம் ஒரு சொட்டு கெடையாது," என்றான் ஃபிர்மேன், கண்ணாடிக் குழாயைத் தொட்டிக்குள் விட்டு உறிஞ்சியபடியே. "பாரிஸ்காரன் அதத்தான் கேக்கறான். போன வருஷம் கொஞ்சம் திரும்பி வந்துச்சுதான். கடைக்காரன் வெயில்ல வச்சு வீணாக்கிட்டு என் தலையில கட்டிட்டான். இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா அவ்வளவுதான் ஒதீல், என் பேரு போட்ட பாட்டில ஒருத்தன் தொடமாட்டான். ஆனா வராது. நீயே பாரேன்."

கந்தகம் ஒயினுக்குக் காவல்காரன் மாதிரி. அதைப் போடாமல் விட்டால் சில வருஷம் ஒயின் பழத்தைக் கடித்ததுபோல் உயிரோடு இருக்கும். சில வருஷம் எலி வரும். நிஜ எலி இல்லை. ஒயினுக்கு வரும் ஒரு சீக்குக்குத்தான் அந்தப் பெயர். ஒளிந்துகொள்வது அதன் குணம். முகர்ந்தால் தெரியாது, வாயில் வைத்திருக்கும்போதும் தெரியாது. துப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வாயில் மறுபடி எச்சில் ஊறிய பிறகுதான் நாக்கின் அடியிலிருந்து கிளம்பும். எலி கூடு கட்டிய பழைய தானிய மூட்டையைத் திறந்து முகத்தை உள்ளே விட்டதுபோல் இருக்கும். அதனால் கந்தகம் போடாத ஒயினைத் துப்பியவுடனே யாரும் வாயைத் திறக்கக் கூடாது. சுவரைப் பார்த்துக்கொண்டோ பீப்பாயைத் தட்டிக்கொண்டோ நின்று, எலி வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். தொழிலின் அரிச்சுவடி இது. ஒதீலுக்குத் தெரியாதது இல்லை.

அவள் வாயில் வைத்தாள். அருமையாக இருந்தது. அன்றைக்குக் குடித்துத் துப்பிய எல்லாவற்றிலும் அதுதான் ஒயின். காட்டுப் பழத்தின் வாசனையும் மழை பெய்த மண்ணும் ஒன்றாக வந்தன. வடிகாலில் துப்பினாள்.

ஃபிர்மேன் கையை நீட்டிவிட்டான்.

"சொல்லு. சொல்லித் தொலையேன்."

அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கத் தெம்பில்லை, அவ்வளவுதான் காரணம். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மேலே கார் நிற்கிறது, காரில் ஹீட்டர் இருக்கிறது, வீட்டில் வெந்நீர் இருக்கிறது. அதுவும் இவ்வளவு நல்ல ஒயின்.

"நல்லா இருக்கு ஃபிர்மேன். ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லிக் கையைக் கொடுத்தாள்.

அவன் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். கண் கலங்கியதை மறைக்கச் சத்தமாகச் சிரித்தான். வியாபாரிக்குக் காட்டுவதற்காக ஒரு சின்னப் பாட்டிலில் நிரப்பித் தக்கையை அடித்துக் கொடுத்தான். மேலே சாசேஜ் வெட்டி வைத்திருக்கிறேன், ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட்டுப் போ என்றான். அவள் இன்னொரு நாள் ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் படியேறி, முற்றத்தைக் கடந்து, காரின் கதவில் கையை வைத்தாள். அப்போது எலி வந்தது.

முதலில் அவள் அதை நம்ப மறுத்தாள். முந்தின வீட்டு ஒயினாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தண்ணீர் குடித்தாள். கார் இரண்டு வளைவு இறங்குவதற்குள் அந்தத் தானிய மூட்டை மறுபடி வாய்க்குள் அவிழ்ந்தது. சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, அவன் கொடுத்த சின்னப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் எடுத்தாள். கதவைத் திறந்து துப்பினாள். எதிரே கவாத்து முடிந்து குச்சி குச்சியாக நின்ற திராட்சைக் கொடிகளையே பார்த்துக்கொண்டு, இந்தத் தடவை காத்திருந்தாள். பழம் போனது, மண் போனது. நாக்கு வெறுமையானது. வராது போலிருக்கிறது என்று அவள் மூச்சு விட்ட அந்த நேரத்தில் சரியாக வந்தது. சந்தேகமே இல்லை.

பேசாமல் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சிலருடைய வாய்க்கு எலி தெரியவே தெரியாது. தெரிகிறவர்களில் பாதிப் பேர் அது வருவதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். பாட்டில் திரும்பி வருகிறபோது வரட்டும், அதற்கும் ஒரு கடைக்காரன், ஒரு வெயில் கிடைக்காமலா போகும்? ஆனால் நாளைக்கு லாரி வந்து அடைத்துவிட்டால் பிறகு எதுவும் செய்வதற்கில்லை. தொட்டியில் இருக்கும்வரை வழி உண்டு. கொஞ்சம் கந்தகத்தைப் போட்டு, மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் எலி அடங்கிவிடலாம். அடங்காமலும் போகலாம். பாட்டிலுக்குள் போய்விட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

திரும்பிப் போனால், விலையை அடிக்க வந்தவள் என்று அவன் ஊர் முழுக்கச் சொல்வான். அவன் வாய்தான் உலகம் அறிந்ததாயிற்றே. இருபத்தைந்து வருஷப் பெயர் ஒரே நாளில் போய்விடும். ஒதீலுக்கு அழுகை அழுகையாக வந்தது. அவன்மேல் கோபம், தன்மேல் கோபம், முழங்கால்மேல் கோபம். ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாதவளுக்கு எதற்கு இந்தப் பிழைப்பு என்று சத்தமாகவே திட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

ஃபிர்மேன் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இன்னொரு தட்டை எடுத்து வைத்தான்.

"பசி இழுத்துக்கிட்டு வந்துருச்சா? உக்காரு, உக்காரு."

"உக்கார வரல. நான் சொன்னது தப்பு ஃபிர்மேன். உன் ஒயின்ல எலி இருக்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தான். மேசைமேல் ஜாடியில் இருந்த அதே ஒயினைக் கிளாஸில் ஊற்றி ஒரு வாய் குடித்தான். அவள் காத்திருக்கச் சொன்னாள், காத்திருந்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"ஒண்ணுமில்லையே."

ஒதீல் ஒரு சொட்டு ஒயினை எடுத்துத் தன் புறங்கையில் தேய்த்து, உலரவிட்டு, அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். எலியைத் தோலில் பிடிக்கலாம் என்பது தொழில்காரர்கள் செய்கிற உபாயம். அவன் குனிந்து நன்றாக இழுத்து முகர்ந்தான்.

"சோப்பு வாசனை வருது. நல்ல சோப்புதான்."

"வெளையாடாத. உன் நாக்குக்கு அது தெரியாது ஃபிர்மேன். சிலருக்கு அப்படி. அது குத்தமில்ல, கண்ணுல பச்சை செகப்பு தெரியாம இருக்கறாங்களே, அந்த மாதிரி."

"எனக்கா தெரியாது?" என்று அவன் எழுந்தான். "முப்பது வருஷமா ஒயின் போடறேன். என் நாக்குக்குத் தெரியாதுன்னு என் வீட்டு அடுப்பங்கரையில நின்னு சொல்ற? எவ்வளவு கொறைக்கச் சொன்னான் உன் வியாபாரி? நேராச் சொல்லேன். அதுக்கு எதுக்கு எலி, பூனைன்னு கத?"

"கொறைக்க வரல. எந்த விலைக்கும் நான் இத எடுத்துக்கப் போறதில்ல. லாரிய நிறுத்துன்னு சொல்லத்தான் வந்தேன்."

"கை குடுத்தியே!"

"குடுத்தேன். தப்பு. நிக்காம குடுத்துட்டேன்."

"அப்போ நல்லா இருந்துச்சு, இப்போ எலி. நடுவுல என்ன, எலி ஓடிப் போயி தொட்டியில விழுந்துச்சா? நீயும் மார்த் மாதிரியே பேசற."

சொன்ன பிறகு அவனே நின்றுவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒதீலும் கேட்காமலே உட்கார்ந்தாள், கால் இனிமேல் தாங்காது.

"மார்த் என்ன சொன்னா?"

"அவ எப்பவும் அப்படித்தான்," என்றான் ஃபிர்மேன், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ஒவ்வொரு பீப்பாயா ருசி பாப்பா. பாத்துட்டு எதுவும் சொல்லமாட்டா. துணி காயப்போடப் போயிருவா. திரும்பி வந்து, இது சரி, இது சரியில்லம்பா. எனக்கு எரிச்சலா வரும். பேசறதுக்கு இவ்வளவு யோசிக்கிற பொம்பள உண்டான்னு கேப்பேன். கந்தகத்த விட்ட மொத வருஷம், தொட்டி முழுக்க எலின்னா. நான் குடிச்சுப் பாத்தேன், எனக்குத் தெரியல. கூட்டாளிங்கள வரச் சொன்னேன். எல்லாரும் சாசேஜ வாயில வச்சுக்கிட்டே, ஆகா ஓகோன்னாங்க. அவங்க முன்னாடியே அவளப் பாத்துச் சொன்னேன், உனக்கு ஒயின் புடிக்கலையா, என்னைப் புடிக்கலையான்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள கிளம்பிப் போயிட்டா."

சீஸ் தட்டில் ஈ உட்கார்ந்தது. ஃபிர்மேன் அதை விரட்டக்கூட இல்லை.

"அவளக் கூப்பிடு," என்றாள் ஒதீல். "என்னை நம்பவேண்டாம். அவ வந்து பாக்கட்டும்."

"நானா? மாட்டேன்."

"சரி. நான் கெளம்பறேன். சொல்லவேண்டியத சொல்லிட்டேன், இனி எனக்குத் தெம்பில்ல. காலையில லாரி வரும், நீயாச்சு உன் எலியாச்சு."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது அவன் போனை எடுத்தான். எண்ணைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். "நான்தான்," என்றான். "இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல." பிறகு தொண்டையைச் செருமி, கன்னத்தைத் தேய்த்து, ஜன்னலைத் திறந்து மூடி, கடைசியில் ஒரே மூச்சில் சொன்னான்: "ஒயின் ஒண்ண ருசி பாக்கணும், வரியா?"

மார்த் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சின்ன உருவம், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. ஒதீலுக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டு, வழி சொல்லத் தேவையில்லாதவளாக நேரே நிலவறைக்கு இறங்கினாள். பின்னால் இருவரும் போனார்கள். ஃபிர்மேன் குழாயால் உறிஞ்சிக் கிளாஸில் விட்டுக் கொடுத்தான். பாதி வெளியே சிந்தியது.

அவள் முகர்ந்தாள். வாயில் வைத்து அலசித் துப்பினாள். பிறகு நின்றாள்.

ஃபிர்மேன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஒதீல் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்ததும் மூடிக்கொண்டான். பிறகு மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். அந்த நிலவறையில் அவன் பேசாமல் நின்றதை ஒதீல் அன்றைக்குத்தான் பார்த்தாள். மார்த் தொட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஃபிர்மேன் மார்த்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. அப்புறமும் ஒன்றுமில்லை. ஒதீலுக்கே பயம் வந்துவிட்டது, எல்லாம் தன் செத்த நாக்கின் வேலைதானோ என்று.

பிறகு மார்த்தின் மூக்கின் இரண்டு பக்கமும் தோல் சுருங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கொஞ்சம்தான், வேறு யாராவது பார்த்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

ஃபிர்மேன் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தான்.

"இந்த மூஞ்சியா?" என்றான், குரல் எழும்பாமல். "இதுக்கா? அந்தக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்துகிட்டு இதே மூஞ்சிதான் வச்சிருந்த. நம்ம ஒயினக் குடிச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு. நீ என்னைப் பாத்துத்தான் சுளிக்கிறன்னு நெனச்சேன் மார்த்."

"உன்னைப் பாத்தும்தான்," என்றாள் மார்த்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு போனை எடுத்துக்கொண்டு படியேறிப் போனான். நிலவறைக்குள் சிக்னல் கிடைக்காது.

மார்த் மிச்ச ஒயினை வடிகாலில் கொட்டிவிட்டு ஒதீலைப் பார்த்தாள்.

"நீ மொதல்ல நல்லா இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"உனக்கா தெரியாது?"

"களைச்சுப் போயிருந்தேன் மார்த். நிக்க முடியல."

"நானும் அப்படித்தான்," என்றாள் மார்த். "எல்லாரும் கோபத்துல போனேன்னு சொல்றாங்க. கோபமெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போச்சு."

மேலே கதவு திறந்தே இருந்தது. முற்றத்திலிருந்து ஃபிர்மேனின் குரல் படிவழியே இறங்கி வந்தது. லாரிக்காரன் எதிர்முனையில் கத்துகிறான் என்பது இவன் திரும்பத் திரும்பச் சொன்னதிலிருந்து தெரிந்தது. காலையில் வரவேண்டாம் என்றான். ஆமாம், பாட்டிலெல்லாம் அடுக்கியாயிற்றுதான், ஆனாலும் வேண்டாம் என்றான். லாரிக்காரனுக்கு மலைச்சரிவில் போகாத வீடு கிடையாது. அவனிடம் சொன்னது நாளைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லா நிலவறைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அது ஃபிர்மேனுக்கும் தெரியும்.

"ஒயின்ல எலி இருக்கு," என்று அவன் குரல் கேட்டது. "இல்லப்பா, எனக்குத் தெரியல. என் நாக்குக்கு அது தெரியாது. என்னைக்குமே தெரிஞ்சதில்ல. மார்த் கண்டுபுடிச்சா. ஆமா, மார்த்தேதான். மொத வருஷமே சொன்னா, நான்தான் கேக்கல. இத நீ யாருகிட்ட வேணா சொல்லிக்க."

மார்த் காலி கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. ஒதீல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பூட்ஸ் காலை நீட்டிக்கொண்டாள்.

"பீப்பாய் எல்லாம் பாக்கணுமா?" என்று கேட்டாள் ஒதீல்.

"பாக்கணும். ஆனா இன்னைக்கு வேணாம்," என்றாள் மார்த். "எனக்கும் முடியல, உனக்கும் முடியல. காலையில வரேன்னு அவன்கிட்ட சொல்லு. ருசி பாக்க மட்டும்தான்னு சொல்லு."